மூன்று நாள் உழைப்பில் எழுந்த பாதைகள்

பிரான்சின் நாட்டுப்புறத்தில் தார் போடாத பாதைகளில் சைக்கிள் ஓட்டும் வழக்கம் வேகமாகப் பரவிவருகிறது. 'கிராவல்' என்று உலகெங்கும் அழைக்கப்படும் இந்தப் பயணத்துக்கென்றே அகன்ற டயரும் வளைந்த கைப்பிடியும் கொண்ட சைக்கிள்கள் சந்தைக்கு வந்துவிட்டன. தோர்தோஞ் மாவட்டத்தில் 1284-இல் இங்கிலாந்து அரசர் முதலாம் எட்வர்டின் பெயரால் நிறுவப்பட்ட மோன்பாசியே, கோரேஸ் மாவட்டத்தில் செந்நிறக் கல்லால் கட்டப்பட்ட கொலோஞ்-லா-ரூஜ் போன்ற ஊர்களைத் தொட்டுச் செல்லும் பாதைகளை, இடைக்காலத்திலிருந்து அப்படியே தங்கிவிட்டவை என்று பலரும் எண்ணிக்கொள்கிறார்கள். ஊர்கள் பழையவை என்பதில் ஐயமில்லை. ஆனால் ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்கு எல்லாப் பருவத்திலும் சக்கரம் ஓடத்தக்க பாதை இருப்பது பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டின் சாதனை. சட்டமும் வரியும் கிராமத்தாரின் கட்டாய உழைப்பும் சேர்ந்து அதை உருவாக்கின. இந்த வரலாற்றை மறப்பது உழைத்தவர்களுக்குச் செய்யும் அநீதி. அந்தப் பாதைகளைக் கைநழுவ விடுவதற்கும் அந்த மறதியே வழிவகுக்கும்.

18-ஆம் நூற்றாண்டு பிரான்ஸ் நல்ல சாலைகளுக்குப் பேர்பெற்றது. 1716-இல் பாலங்களுக்கும் சாலைகளுக்குமான பொறியாளர் துறை அமைந்தது. 1747-இல் அத்துறைக்கெனப் பாரிசில் ஒரு கல்லூரி எழுந்தது. புரட்சிக்கு முந்தைய ஆண்டுகளில் பிரான்சைச் சுற்றிப் பார்த்த ஆங்கில வேளாண் அறிஞர் ஆர்தர் யங் அந்த நெடுஞ்சாலைகளின் தரத்தை வியந்தார். அவ்வளவு பெரிய சாலைகளில் வண்டிப் போக்குவரத்து அவ்வளவு குறைவாக இருப்பதையும் கவனித்தார். அவர் கண்ட முரணுக்குக் காரணம் எளிது. அந்தச் சாலைகள் படையும் தபாலும் அரசு அதிகாரிகளும் தலைநகரிலிருந்து எல்லைகளுக்குப் போவதற்காகப் போடப்பட்டவை. போட்டவர்களோ சாலையோரக் கிராமங்களின் குடியானவர்கள். 1738 முதல் நாடெங்கும் முறைப்படுத்தப்பட்ட 'கோர்வே' என்னும் கூலியில்லாக் கட்டாய ஊழியத்தில், தம் மாட்டையும் வண்டியையும் ஓட்டிக்கொண்டு போய் அவர்கள் கல் சுமந்தார்கள். பிரபுக்களுக்கும் மதகுருமார்களுக்கும் அந்தக் கடமை கிடையாது. அரசரின் சாலைக்கு உழைத்தவனின் சொந்த ஊர்ப்பாதை மழைக்காலத்தில் வண்டி அச்சு வரை சேறாகவே கிடந்தது.

இந்த அநீதியைக் கண்கூடாகக் கண்டவர் துர்கோ. 1761 முதல் 1774 வரை லிமோஜ் பகுதியின் அரச நிர்வாகியாக இருந்தபோது, அங்கே கட்டாய ஊழியத்தை நிறுத்தி, வரிப்பணத்தில் கூலி கொடுத்து வேலை வாங்கினார். அவருக்குக் கீழே பணிபுரிந்த பொறியாளர் பியேர் த்ரெசாகே அந்த மாற்றத்துக்கு ஏற்ற தொழில்நுட்பத்தைத் தந்தார். ஆண்டுக்கு இருமுறை வேண்டாவெறுப்பாக வரும் கூட்டத்தை நம்பிச் சாலையைத் தாங்க வைக்க வேண்டுமானால் கற்படுகையை மலைபோலக் குவிக்க வேண்டியிருந்தது. ஓர் ஆளை நிரந்தரமாக நியமித்து, பள்ளம் விழுந்த அன்றே நிரப்பச் செய்தால் மெல்லிய படுகையே போதும் என்று அவர் காட்டினார். அடியில் பெரிய கற்களை நிறுத்தி அடுக்குவது, மேலே சிறு கற்களைப் பரப்புவது, உச்சியில் கடினமான சரளையை இறுக்குவது, நீர் வடிய நடுவை மேடாக்குவது என 1775-இல் அவர் எழுதிவைத்த முறை பின்வந்த கப்பிச் சாலைகளுக்கெல்லாம் முன்னோடி. துர்கோ நிதியமைச்சரானதும் 1776 பிப்ரவரியில் நாடு முழுவதும் கோர்வேயை ஒழித்தார். அவர் பதவியிழந்த சில மாதங்களிலேயே அது திரும்பி வந்தது. 1787-இல்தான் பணவரியாக மாற்றப்பட்டு முடிவுக்கு வந்தது. ஆனால் இந்தச் சீர்திருத்தங்கள் எல்லாம் பெருஞ்சாலைகளோடு நின்றன.

சிறு பாதைகளின் கதை 1836 மே 21-ஆம் நாள் சட்டத்தோடு தொடங்குகிறது. 1824-இலேயே ஒரு சட்டம் வந்திருந்தாலும் அது கிராமங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. 1836 சட்டம் கட்டாயப்படுத்தியது. நேரடி வரிப் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொரு குடும்பத் தலைவரும், தமக்காகவும் தம் வீட்டிலும் பண்ணையிலும் உள்ள 18 முதல் 60 வயது வரையிலான உடல்வலுவுள்ள ஒவ்வோர் ஆணுக்காகவும், ஒவ்வொரு வண்டிக்காகவும், இழுக்கும் ஒவ்வொரு மாட்டுக்கும் குதிரைக்குமாகவும், ஆண்டுக்கு 3 நாள் உழைப்பை ஊர்ப்பாதைக்குத் தர வேண்டும் என்று விதிக்கலாம். விரும்பினால் அதைப் பணமாகக் கட்டிவிடலாம். ஊராட்சி தட்டிக்கழித்தால் மாவட்ட ஆட்சியரே நேரடியாக விதித்து வசூலிக்கலாம். வேலையை அளந்து மேற்பார்க்க 'அழான் வொய்யே' என்ற சாலை அலுவலர்கள் நியமிக்கப்பட்டனர். 1868-இல் வந்த மற்றொரு சட்டம் ஊர்ப்பாதைகளை முடித்துக் கொடுக்க அரசின் உதவிப் பணத்தை ஒதுக்கியது. இவை எல்லாமாகச் சேர்ந்து இரண்டு தலைமுறைக்குள், ஆலை, சந்தை, தேவாலயம், ரயில் நிலையம் ஆகியவற்றோடு குக்கிராமத்தை இணைக்கும் மிக அடர்ந்த பாதை வலை ஒன்றை உண்டாக்கின.

அந்த வலையின் ஒவ்வொரு அடியிலும் மனிதக் கை பட்டிருக்கிறது. கல் உடைக்கும் தொழிலாளி சாலையோரத்தில் மண்டியிட்டு, சுத்தியலால் பெருங்கல்லைச் சல்லியாக்கினார். பழுது பார்க்கும் பொறுப்பு 'காந்தோனியே' என்ற சாலைக் காவலருக்கு. தமக்கென ஒதுக்கிய சில கிலோமீட்டரில் பள்ளம் நிரப்பி, வாய்க்காலைத் தூர்வாரி, ஓரப் புல்லை வெட்டுவது அவருடைய அன்றாட வேலை. ஓவியர் குஸ்தாவ் கூர்பே 1849-இல் தம் ஊரான ஓர்னான் அருகே இரண்டு கல் உடைப்போரைக் கண்டு அவர்களை ஆளுயரத்தில் வரைந்தார். கிழிந்த சட்டையும் தைத்த ஒட்டுமாக உழைப்பாளிகளை அத்தனை பெரிய திரையில் காட்டியது பாரிஸ் கண்காட்சியில் பெரும் சர்ச்சையை எழுப்பியது. அந்த ஓவியம் 1945-இல் திரெஸ்தன் நகருக்கு அருகே அழிந்துபோனது. ஆனால் அது சாட்சி சொன்ன உழைப்பு ஊர்ப்பாதைகளின் அடியில் படுகையாகக் கிடக்கிறது. வரலாற்றாசிரியர் யூஜின் வெபர் 1976-இல் வெளியிட்ட நூலில், குடியானவர்கள் தம்மைப் பிரெஞ்சுக்காரர்களாக உணரத் தொடங்கியதற்குப் பள்ளியோடும் படைச் சேவையோடும் ஊர்ப்பாதைகளையும் முதன்மைக் காரணமாக வைத்தார். லிமோஜைச் சுற்றியுள்ள லிமூசன் பகுதிக்கு இது அப்படியே பொருந்தும். க்ரூஸ் மாவட்டக் கொத்தனார் மார்த்தேன் நதோ 1830-இல், 14 வயதில், தந்தையோடு பாரிசுக்கு வேலைக்குப் புறப்பட்டபோது வழியின் பெரும்பகுதியை நடந்தே கடந்தார். பின்னாளில் அவரே நாடாளுமன்ற உறுப்பினரானார்; காலப்போக்கில் அவருடைய மாவட்டத்துக் குக்கிராமங்களுக்கும் வண்டி போகும் பாதை வந்தது.

இங்கே மூன்று மறுப்புகளுக்கு இடமுண்டு. முதலாவது, 3 நாள் உழைப்பு என்பது பழைய கோர்வேக்குப் போட்ட புதுப்பெயர்தானே என்பது. அந்தக் காலத்திலேயே இப்படிக் கேட்டவர்கள் உண்டு; வசதியுள்ளவன் பணம் கட்டித் தப்ப, இல்லாதவன் மண்வெட்டி பிடித்தான் என்பதும் உண்மை. ஆனால் வேறுபாடு சிறியதன்று. பிறப்பால் யாருக்கும் விலக்கு இல்லை. நிலக்கிழாரின் வேலையாளும் வண்டியும் கணக்கில் வந்தன. உழைப்பு போய்ச் சேர்ந்ததோ உழைத்தவனே நடக்கும் பாதைக்கு. இரண்டாவது, ரோமர் காலச் சாலைகளும் ஸ்பெயினின் சந்தியாகோவுக்குப் போகும் யாத்திரை வழிகளும் இதற்கெல்லாம் முந்தியவை என்பது. வழித்தடம் முந்தியதே. ஆனால் தடம் வேறு, தளம் வேறு. கல் இடாத களிமண் தடத்தில் ஆண்டின் பாதி நாள் கோவேறு கழுதையே தயங்கும். மூன்றாவது மறுப்பு வலுவானது: 1836 சட்டத்தின்படி வகைப்படுத்திய பாதைகளில் பெரும்பாலானவை இன்று தார்ச்சாலைகள், சைக்கிள்காரர்கள் தேடும் கப்பிப் பாதைகள் அந்தப் பட்டியலுக்கு வெளியே நின்ற வயல்வழிகள். ஆயினும் அந்த வயல்வழிகளும் தனித்து வளரவில்லை. 1881 ஆகஸ்ட் 20-ஆம் நாள் சட்டம் அவற்றுக்குத் தனி அடையாளம் கொடுத்து, ஊராட்சி விரும்பினால் ஏற்றுப் பராமரிக்க வகைசெய்தது. அதே கல், அதே சுத்தியல், அதே ஆட்கள் அங்கும் போனார்கள். காட்டுப் பாதைகளில் பலவோ இன்னும் பிந்தியவை. மரம் ஏற்றவும் தீயணைப்பு வண்டி போகவும் 20-ஆம் நூற்றாண்டில் வெட்டியவை.

அப்படியானால் இந்தப் பாதைகள் ஏன் தாருக்குத் தப்பின? மோட்டார் கார் கிளப்பிய புழுதிக்கு விடையாகத் தார் வந்தது. 1902-இல் மொனாக்கோவில் சுவிஸ் மருத்துவர் குலியெல்மினெத்தி சாலைமேல் தார் பூசிக் காட்டினார். போக்குவரத்து மிகுந்த சாலைகளுக்கு முதலில் போன தார் ஊர்ப்பாதைகளுக்கு வந்துசேர இன்னும் அரை நூற்றாண்டு ஆயிற்று. அதற்குள் ஊரே காலியாகிக்கொண்டிருந்தது. 1851-இல் 2,80,000-க்கு மேற்பட்ட மக்கள் வாழ்ந்த க்ரூஸ் மாவட்டத்தில் இன்று ஏறத்தாழ 1,15,000 பேரே இருக்கிறார்கள். குடும்பங்கள் போன வழியில் தார் போட யாருக்கும் தேவை இருக்கவில்லை. நிலச்சீரமைப்பு அதைவிடக் கடுமையாகத் தாக்கியது. 1941 சட்டத்துக்குப் பின், குறிப்பாகப் போருக்குப் பிந்தைய பத்தாண்டுகளில், துண்டு நிலங்களை ஒன்றாக்கியபோது மேற்குப் பகுதிகளின் வேலிமரங்களும் இரு கரைகளுக்கு நடுவே ஆழ்ந்து ஓடிய பாதைகளும் பெருமளவில் உழப்பட்டு மறைந்தன. இன்று அமைதி என்று சைக்கிள்காரர்கள் அனுபவிப்பதில் பெரும்பகுதி, அந்த மக்கள் வெளியேறியதால் விட்டுப்போன வெறுமை.

சைக்கிளும் இந்தப் பாதைகளுக்குப் புதிய விருந்தாளி அன்று. 1903-இல் முதல் தூர் தெ பிரான்ஸ் 6 கட்டங்களில் 2,400 கிலோமீட்டருக்கு மேல் ஓடியபோது, பந்தயம் நடந்ததே கப்பிச் சாலைகளில்தான். சேன்-தெத்தியேன் நகரில் பட்டு வணிகராக இருந்த போல் தெ விவி, 'வெலோசியோ' என்ற பெயரில் 1887 முதல் ஒரு சைக்கிள் இதழை நடத்தி, பல பற்சக்கர வேகங்கள் இருந்தால் சாதாரண மனிதரும் மலைப்பாதையில் நெடுந்தூரம் போகலாம் என்று விடாமல் வாதாடினார். தூர் பந்தயத்திலோ வேகம் மாற்றும் கருவிக்கு 1937-இல்தான் அனுமதி கிடைத்தது. தார் பரவப் பரவ டயர்கள் மெலிந்தன. கப்பிப் பாதைகள் பந்தயங்களிலிருந்து விலகின. பிரெத்தாஞ் பகுதியில் 1984-இல் தொடங்கிய த்ரோ ப்ரோ லெயோன் பந்தயம் பண்ணைப் பாதைகளை மீண்டும் கொண்டுவந்தது. 2024-இல் தூர் பந்தயமே த்ருவா நகரைச் சுற்றி, ஷாம்பாஞ் திராட்சைத் தோட்டங்களின் வெள்ளைப் பாதைகளில் 14 பகுதிகளை ஒரே நாளில் கடந்தது. அந்தப் பாதைகளை இன்றும் உயிரோடு வைத்திருப்பவர்கள் தோட்டக்காரர்கள்.

இவற்றின் எதிர்காலத்தைத் தீர்மானிப்பது 1959-இல் வகுத்த ஒரு பிரிவினை. அன்று முதல் ஊர்ச்சாலைகள் பொதுச்சொத்து. விற்க முடியாது, பராமரிப்பது ஊராட்சியின் கடமை. வயல்வழிகளோ ஊராட்சியின் தனிச்சொத்து. பொதுமக்கள் போகலாம், ஆனால் ஊராட்சிக்குப் பொதுவாகப் பராமரிக்கும் கடமை இல்லை. பக்கத்து நிலக்காரர் 30 ஆண்டு சேர்த்து உழுதால் உரிமையே கோரலாம். பொதுமக்கள் பயன்படுத்துவது நின்றுவிட்டால், பொது விசாரணை நடத்தி விற்றுவிடவும் செய்யலாம். எனவே பாதையைத் தார் போடாமல் வைக்கச் சொல்லும் வெளியூர்க்காரரின் ஆசை எனக்குப் பெரிதாகப் படவில்லை. பால் வண்டி போக வேண்டிய விவசாயிக்குத் தார் தேவையென்றால் அது அவருடைய நியாயம். தளம் எதுவாயினும் பாதை பொதுவாக நீடிக்க வேண்டும் என்பதே முக்கியம். சட்டம் அதற்குக் கேட்கும் சான்று மிக எளியது: மக்கள் அதில் போய் வருகிறார்களா என்பதே அது. முன்பு உழைப்பு நாள்களால் ஊரார் காத்த பாதையை இன்று போக்குவரத்தால் காக்க முடியும். அந்த வேலையைச் செய்ய இன்று பெரும் எண்ணிக்கையில் வருகிறவர்கள் நடப்பவர்களும் சைக்கிள்காரர்களும்தான். தாம் போகும் பாதையின் பெயரை ஊராட்சிப் பதிவேட்டில் தேடிப் பார்ப்பதும், விற்பனை அறிவிப்பு வரும்போது விசாரணையில் எழுந்து பேசுவதும், சேறான காலத்தில் தளத்தைக் கிழிக்காமல் சுற்றிப் போவதும் அவர்கள் இந்த ஊர்களுக்குச் செலுத்த வேண்டிய உழைப்பு நாள்கள்.