ஆக்சினும் ஜிப்ரெல்லினும்

கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் மல்லாட்டையும் நெல்லும் போடுகிறவர்கள் பயிர் ஊக்கிகள் எல்லாவற்றையும் ‘டானிக்’ என்றே கேட்டு வாங்குகிறார்கள். பூ உதிராமலிருக்கத் தெளிக்கும் பிளானோஃபிக்ஸும் ஜிப்ரெல்லிக் அமிலமும் ஒரே அலமாரியில் நிற்கலாம். பிறந்த விதத்தில் இரண்டும் நேரெதிர்.

பிளானோஃபிக்ஸ் ஆக்சின் என்ற வளர்ச்சி ஊக்கி வகையைச் சேர்ந்தது. அந்த வகையில் செடி தானே சுரப்பது இண்டோல் அசிட்டிக் அமிலம். 1934இல் கோகல் அதை மனிதச் சிறுநீரிலிருந்து பிரித்தெடுத்தார். சின்ன மூலக்கூறு, இண்டோலையும் கிளைக்காலிக் அமிலத்தையும் காரத்தோடு சூடாக்கினால் ஆய்வகத்திலேயே கிடைத்துவிடும். ஆனால் வயலில் நிற்காது. வெளிச்சம் சிதைக்கும், செடியின் நொதிகளும் உடைக்கும். ஆகவே வேதியியலார் அதன் சாயலில் நாஃப்தலீன் அசிட்டிக் அமிலத்தைக் கையிலெடுத்தார்கள். நொதிகளால் அதை எளிதில் உடைக்க முடியாது. பிளானோஃபிக்ஸில் இருப்பது அதுதான்.

ஜிப்ரெல்லின் கதை வேறு. நெல் நாற்றை அளவுக்கு மீறி நெட்டையாக்கி வீழ்த்தும் நோய் ஒன்றுண்டு. அந்த வேலையைச் செய்வது ஒரு பூஞ்சையின் சுரப்பு என்று 1926இல் குரோசவா காட்டினார். 1938இல் யபுதாவும் சுமிகியும் அதைப் படிகமாக்கினார்கள். வளையங்கள் பின்னிக் கிடக்கும் சிக்கலான மூலக்கூறு அது. 1978இல்தான் ஜிப்ரெல்லிக் அமிலத்தை கோரி குழுவினர் ஆய்வகத்தில் முழுதாகக் கட்டியெழுப்பினார்கள். வியக்கவைக்கும் சாதனைதான், ஆனால் தொழிற்சாலை அந்த வழியில் போகவில்லை. இன்றும் அந்தப் பூஞ்சையைக் கலன்களில் வளர்த்தே ஜிப்ரெல்லிக் அமிலம் எடுக்கிறார்கள்.

‘இயற்கை’ என்ற சொல்லைப் பார்த்து வாங்குகிறவருக்கு இதில் உண்மையில் பொருந்துவது ஜிப்ரெல்லின். ஆனாலும் அந்தச் சொல்லை நம்பித் தெளிப்பது தவறு என்றே நான் சொல்வேன். முக்கியம் அளவுதான். உளுந்துக்குப் பரிந்துரை லிட்டருக்கு 40 மில்லிகிராம் நாஃப்தலீன் அசிட்டிக் அமிலம். 4.5 விழுக்காட்டுப் புட்டியென்றால் 10 லிட்டர் டேங்குக்கு ஏறக்குறைய 9 மில்லிதான். ஆக்சின் போலவே வேலை செய்யும் 2,4-டி களைக்கொல்லியாகவே விற்கிறது என்பதை நினைத்தால், கண்ணளவில் ஊற்றும் பழக்கம் எவ்வளவு ஆபத்து என்று புரியும்.

ஜிப்ரெல்லினிலும் அதே எச்சரிக்கை வேண்டும். 1966இல் வந்த ஐ.ஆர். 8 நெல் ரகம் குட்டையாக நின்றதற்குக் காரணமே, அதன் தண்டில் ஜிப்ரெல்லின் குறைவாகச் சுரப்பதுதான். அப்படிச் சாயாமல் நிற்கும் நெல்லுக்கு மறுபடி அதையே தெளித்து உயர்த்துவதில் பொருளில்லை. வீரிய ஒட்டு நெல்லின் விதை உற்பத்தியில் மட்டும் அது அவசியமாகிறது. அங்கே பெண் வரிசையின் கதிர் உறைக்குள் சிக்கிக்கொள்ளும். ஜிப்ரெல்லின் பட்டால்தான் முழுதாக வெளியே வந்து மகரந்தம் ஏற்கும். நெல்லுக்கு இதைக் கேட்டு வருகிறவரிடம், விதைக்கா சாப்பாட்டுக்கா என்று கடைக்காரர் முதலில் கேட்பது நல்லது.