தெளிஞ்ச தண்ணியும் நல்ல தண்ணியும்

மாரி தொடங்கினால் வன்னிக் குளங்களின் தண்ணி தேத்தண்ணி நிறத்துக்கு வந்துவிடும். அம்மம்மாக்கள் பானையின் உட்புறத்தில் தேத்தாங்கொட்டையை உரசிவிட்டுத் தண்ணியை ஊற்றி வைப்பார்கள். விடிய மண்டி அடியில் படிந்திருக்கும். கலித்தொகைக் காலத்திலேயே தெரிந்திருந்த கைவைத்தியம் இது.

ஆனால் அந்தக் கலங்கலுக்குள் மிதக்கிற துணிக்கைகள் எவ்வளவு பெரியவை? அதை அளக்க வெளிச்சம் போதும் என்பது கலைப்பீடத்தில் படிக்கிற எங்களுக்குப் பிந்தித்தான் தெரியவந்தது.

ஒரு கண்ணாடிக் குவளைத் தண்ணியில் இரண்டு துளி பால் விட்டு, இருட்டில் போன் டோர்ச்சை அடித்துப் பாருங்கோ. பக்கத்தால் பார்த்தால் மெல்லிய நீலம். வெளிச்சத்துக்கு நேரெதிரே நின்று பார்த்தால் மஞ்சள். ஏனென்று 1871இல் ரேலி கணக்குப் போட்டுக் காட்டினார்: ஒளியின் அலைநீளத்தைவிட மிகச் சிறிய துணிக்கைகள் நீலத்தைத்தான் கூடச் சிதறடிக்கும். 1908இல் குஸ்தாவ் மீ பெரிய கோளத் துணிக்கைகளுக்கும் கணக்கைச் செய்து முடித்தார். துணிக்கை பெருக்கப் பெருக்க ஒளி முன்பக்கமாகவே அதிகம் சிதறும். ஆக, எந்தக் கோணத்தில் எவ்வளவு வெளிச்சம் என்று அளந்தால் பருமன் தெரியவரும்.

இந்தக் கதையில் எங்கட பக்கத்து ஆட்களும் இருக்கினம். திருச்சியில் பிறந்த சி. வி. இராமன் 1921இல் கப்பலில் திரும்பும்போது மத்தியதரைக் கடலின் நீலத்தைப் பார்த்து, தண்ணி மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று வாதிட்டார். 1928இல் அவரும் வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணனும் அறுபதளவான திரவங்களைச் சோதித்தார்கள். தூசு இருந்தால் அதன் சிதறல் எல்லாவற்றையும் மூடிவிடும் என்பதால், முதலில் திரவத்தைச் சுத்தமாக்க வேண்டியிருந்தது. 1930களில் பெங்களூரில் இராமனின் மாணவர் ஆர். எஸ். கிருஷ்ணன் மறுபக்கம் போனார்: கலங்கலையே எடுத்து, சிதறிய ஒளியின் முனைவாக்கத்தை வைத்துத் துணிக்கைகள் பெரியவையா என்று கண்டுபிடிக்க வழி சொன்னார். ஒருவர் வெளியேற்றிய தூசு மற்றவருக்கு ஆய்வுப்பொருள்.

இண்டைக்கு நீர் ஆய்வுகூடங்களில் இருக்கிற கலங்கல்மானியும் இந்த வழியில் வந்ததுதான். ஒளியை உள்ளே விட்டு, 90 பாகையில் சிதறுவதை அளக்கும். கிருமிநீக்கத்துக்கு முன் கலங்கல் 1 அலகுக்குக் கீழே இருப்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். மண் துணிக்கைக்குப் பின்னால் கிருமி ஒளிந்துகொள்ளும்.

சரி, கலங்கல் இல்லாவிட்டால் பயமில்லையா? அங்கதான் பிரச்சினை. வவுனியாவில் காரணம் இன்னும் உறுதியாகாத சிறுநீரக நோய் பல குடும்பங்களை வாட்டுகிறது. அங்குள்ள பல கிணறுகளில் புளோரைட்டும் கடினத்தன்மையும் கூட. தண்ணியைப் பார்த்தால் பளிங்குபோல இருக்கும். கரைந்துபோன உப்பைக் கலங்கல்மானி காட்டாது. அம்மம்மாவின் கண்ணும் காட்டாது.

ஆகவே கிணற்றுத் தண்ணியைச் சோதிக்கக் குடுத்தால், கலங்கல் எவ்வளவு என்று மட்டும் கேட்டுவிட்டு வரவேண்டாம். புளோரைட் எவ்வளவு என்றும் கேளுங்கோ. லீற்றருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் என்றால் அந்தத் தண்ணி எவ்வளவு தெளிஞ்சிருந்தாலும் குடிக்க வேண்டாம்.