மெக்னீசியச் சேமிப்புக் கலத்தின் வரலாறு

ஓர் உலோகத்தைக் கரைத்து மின்சாரம் பெறுவது எளிது. கரைந்ததை மீண்டும் அதே உலோகமாகப் படியச் செய்வதே அரிது. முன்னதை மட்டும் செய்யும் மின்கலம் ஒருமுறைப் பயனோடு ஓய்ந்துவிடும். இரண்டையும் மாறி மாறிச் செய்வதே சேமிப்புக் கலம். இந்த இரண்டாம் பணிக்கு மெக்னீசியம் நெடுங்காலம் இணங்க மறுத்தது.

அதன்மீது விஞ்ஞானிகள் நாட்டம் கொண்டதற்குக் காரணம் உண்டு. லிட்டர் கடல்நீரில் ஒரு கிராமுக்கு மேற்பட்ட மெக்னீசியம் கரைந்திருக்கிறது. லிதிய அணு ஓர் எலெக்ட்ரானை ஈயும். மெக்னீசிய அணு இரண்டை ஈயும். ஆகவே ஒரு கன சென்டிமீட்டர் லிதியம் ஏறத்தாழ 2,060 மில்லியாம்பியர்-மணி மின்சாரம் தரவல்லதாயின், அதே அளவு மெக்னீசியம் 3,830 தரவல்லது.

தடையோ உலோகத்தின் மேற்புறத்திலேயே இருந்தது. சாதாரணக் கரைசல்களில் இட்டவுடன் அதன்மீது மெல்லிய படலம் ஒன்று படர்கிறது. லிதியத்தின்மீதும் படலம் படர்வதுண்டு. ஆயினும் லிதிய அயனிகள் அதனை ஊடுருவிச் செல்லும். மெக்னீசியத்தின் படலம் தன் சொந்த அயனிகளுக்கே கதவடைத்துவிடுகிறது.

படலம் படராத திரவத்துக்கு வழிகாட்டியவர், மின்கலத்தைக் கருதாத ஒரு ரசாயன அறிஞர். பிரான்ஸ் நாட்டு விக்டர் கிரிக்னார்டு 1900இல், ஈரமற்ற ஈதரில் மெக்னீசியத்தைக் கரிமச் சேர்மங்களுடன் வினைபுரியச் செய்தார்; 1912இல் நோபெல் பரிசும் பெற்றார். அக்கரைசலின் வழியே மின்சாரத்தைச் செலுத்தினால் மெக்னீசியம் படியும் என்பது 1927இல் வெளியான ஆய்வொன்றால் தெரியவந்தது. எனினும் சேமிப்புக் கலத்துக்கு அது போதவில்லை. மின்னழுத்தம் சற்று உயர்ந்ததுமே அக்கரைசல் சிதைந்தது.

மற்றொரு சிக்கல் கேத்தோடு பற்றியது. கலைச்சொல் பட்டியல்கள் இதனை ‘எதிர்மின்வாய்’ என்கின்றன. மின்னாற்பகுப்புக்கு அது பொருந்தும். மின்சாரம் வழங்கும் கலத்திலோ கேத்தோடே நேர்முனை! மொழிபெயர்ப்பாளனைத் திகைக்க வைக்கும் இச்சொல்லை விடுத்து ‘நேர்முனை’ என்றே கூறுகிறேன். அந்நேர்முனைப் பொருள் மெக்னீசிய அயனிகளைத் தன்னுள் ஏற்று, வேண்டும்போது திருப்பித் தரவேண்டும். மெக்னீசிய அயனி பருமனில் லிதிய அயனியை ஒத்ததே. ஆனால் அதன் மின்னூட்டம் இருமடங்கு. ஆதலின் திண்மப் பொருள்களினூடே எளிதில் நகராமல் சிக்கிக்கொள்ளும்.

இதற்கும் விடை வேறோர் ஆராய்ச்சியிலிருந்தே வந்தது. 1971இல் பிரான்ஸின் ரென் நகரில் ரோஜர் ஷெவ்ரெலும் அவர்தம் துணைவரும் மாலிப்டினமும் கந்தகமும் சேர்ந்த ஒருவகைப் பொருள்களை விவரித்தனர். அவற்றில் ஆறு மாலிப்டின அணுக்கள் திரள்திரளாக அமைந்துள்ளன. வந்து சேரும் இரட்டை மின்னூட்டத்தை அத்திரள் பகிர்ந்து ஏற்பதால் அயனிகளின் நடை தளர்வதில்லை.

அமெரிக்காவின் டௌ நிறுவனத்தைச் சேர்ந்த கிரெகரி குழுவினர், மீண்டும் மின்னேற்றத்தக்க மெக்னீசியக் கலம் கைகூடும் என 1990இல் காட்டினர். 2000ஆம் ஆண்டில் இஸ்ரேலின் பார் இலான் பல்கலைக்கழகத்து டோரான் அவுர்பாக் குழுவினர், கிரிக்னார்டு வழிவந்த ஆனால் அதனினும் உறுதியான கரைசலையும் ஷெவ்ரெல் பொருளையும் ஒருங்கே அமைத்தனர். அக்கலம் 2,000 முறைக்கு மேல் மின்னேற்றம் தாங்கிற்று. இவ்வரலாற்றின் தலையாய வெற்றி இதுவே என்பது என் துணிபு. ஆனால் அதன் அழுத்தம் ஏறத்தாழ 1.1 வோல்ட்டே. லிதிய அயனிக் கலங்கள் பலவும் மூன்றரை வோல்ட் அளவில் இயங்குகின்றன. மேலும் கரைசலிலிருந்த குளோரின், கலத்தின் உலோகப் பாகங்களை அரிக்கக்கூடியது.

டொயோட்டாவின் வட அமெரிக்க ஆய்வகத்தார் குளோரின் கலவாத கரைசலொன்றை 2015இல் வெளியிட்டனர். அது மூன்று வோல்ட்டுக்கு மேலும் சிதையாது நின்றது. அவ்வுயர்ந்த அழுத்தத்தைப் பயன்கொள்ளத்தக்க ஆக்ஸைடு நேர்முனைகளில் மெக்னீசிய அயனி இன்னமும் தயங்கித் தயங்கியே நகர்கிறது.