அம்பாசிடர் இருக்கைக்குள் இருக்கும் வரலாறு

பழைய காரைப் பழைய நிலைக்கு மீட்க முயல்வோர் அனைவரும் ஒரு முரணை விரைவிலேயே எதிர்கொள்கின்றனர். எஞ்சினுக்கான பாகம் எங்கேனும் கிடைத்துவிடும். இருக்கைக்கான பாகம் கிடைப்பதில்லை. அம்பாசிடரின் பிஸ்டன் வளையமும் பிரேக் லைனிங்கும் இன்றும் ஏதாவதொரு கடையின் தட்டில் இருக்கும். அதே காரின் கதவை உட்புறம் போர்த்தியிருந்த அட்டை, கூரையின் அடித்துணி, கண்ணாடியை ஏற்றி இறக்கும் கைப்பிடி, டாஷ்போர்டின் விளிம்புப்பட்டை ஆகியவற்றைத் தேடுவோர் சென்னைப் புதுப்பேட்டை வரை சென்றும் வெறுங்கையுடன் திரும்ப நேர்வதுண்டு. வாங்குவோர் சந்தையில் இது ஓர் இடையூறு மட்டுமே. பொருள்சார் பண்பாட்டின் வரலாற்றைப் பயில்வோருக்கு இது ஓர் ஆய்வுச் சிக்கல். ஒரு பொருளின் எப்பகுதி காலத்தைக் கடந்து நிற்கிறது, எப்பகுதி சுவடின்றி மறைகிறது, அதை எது தீர்மானிக்கிறது என்பதே அச்சிக்கல்.

முதற்காரணம் எளிது. எஞ்சின் பழுதானால் வண்டி நின்றுவிடும். ஆகவே அதற்கான பாகத்தை யாரேனும் தொடர்ந்து உற்பத்தி செய்தாக வேண்டும். இருக்கை கிழிந்தால் வண்டி நிற்பதில்லை. கிழிசலின்மேல் ஒரு துண்டை விரித்தும் ஓட்டலாம். பின்னர் ஓய்வு கிடைக்கும் நாளில் உள்ளூர்த் தையற்காரரிடம் கொடுத்துப் புதிதாக உறை போட்டுக்கொள்ளலாம். இயந்திரப் பாகங்கள் தொழிற்சாலையையும் கடையையும் சார்ந்து வாழ்ந்தன. உட்பாகங்களோ உள்ளூர்க் கைவினையைச் சார்ந்து வாழ்ந்தன. தொழிற்சாலை விட்டுச்சென்ற பட்டியலிலும் கிடங்கிலும் முன்னவற்றின் தடம் எஞ்சியது. பின்னவற்றின் தடம் கைகளிலும் சொற்களிலும் மட்டுமே எஞ்சியது.

அம்பாசிடரின் வரலாறு இதற்குத் தக்க சான்று. பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரை அடிப்படையாகக் கொண்டு, இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் 1950களின் இறுதியில் வங்காளத்தின் உத்தரபாராவில் இதை உருவாக்கத் தொடங்கியது. பிரிட்டனில் அவ்வரிசையின் உற்பத்தி 1959-இல் முடிந்தது. உத்தரபாராவிலோ 2014 மே மாதம் வரை அம்பாசிடர் வெளிவந்துகொண்டிருந்தது. இந்த அரைநூற்றாண்டுக்கும் மேற்பட்ட காலத்தில் வெளித்தோற்றம் பெரிதும் மாறவில்லை என்பது பொதுவான எண்ணம். வெளியிலிருந்து பார்ப்போருக்கு அது ஓரளவு உண்மையும்கூட. உள்ளே நிலைமை வேறு. 1960களின் மார்க் 2, 1970களின் மார்க் 3, அதன்பின் வந்த மார்க் 4, 1990களின் நோவா, இசுசு எஞ்சின் பொருத்திய 1800 எனத் தலைமுறைகள் மாறியபோது டாஷ்போர்டும் இருக்கையும் கைப்பிடிகளும் மாறின. முன்னிருக்கை ஒரே நீண்ட பெஞ்சாக இருந்து, கியர் தண்டு ஸ்டியரிங் அருகே பொருத்தப்பட்டிருந்த கார், இறுதிக்காலத்தில் தனித்தனி முன்னிருக்கைகளும் தரையிலிருந்து எழும் கியர் தண்டும் கொண்டதாயிற்று. எனவே ஒரு தலைமுறையின் கதவு அட்டை மற்றொன்றுக்குப் பொருந்தும் என்று நம்பி வாங்க இயலாது. பிரிட்டனிலிருந்து தருவிக்கலாம் என்றால், மோரிஸ் ஆக்ஸ்போர்டின் பாகங்கள் பிற்கால அம்பாசிடருக்கு உறவுமுறையில் மட்டுமே நெருக்கமானவை.

சென்னையின் ஸ்டாண்டர்டு கார்களின் வரலாறு இதைவிடக் கூர்மையானது. 1948-இல் தோன்றிய ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம், வண்டலூரை ஒட்டிய தன் தொழிற்சாலையில் 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டைத் தயாரித்தது. அது பிரிட்டனின் டிரையம்ஃப் ஹெரால்டின் இந்திய வடிவம். இத்தாலிய வடிவமைப்பாளர் ஜோவன்னி மிக்கெலாட்டியின் கைவண்ணம் அது. பிரிட்டனில் ஹெரால்டு ஆர்வலர் மன்றங்கள் இன்றும் செழித்திருப்பதால், இரண்டு கதவு ஹெரால்டுக்கு அங்கிருந்து பல பாகங்களைப் பெற இயலும். ஆனால் 1960களின் பிற்பகுதியில் சென்னை நிறுவனம் நான்கு கதவு ஹெரால்டைத் தானே உருவாக்கியது. 1972-இல் கசெல் என்னும் காரையும் வெளியிட்டது. இவ்விரண்டும் உலகில் வேறெங்கும் செய்யப்படாதவை. அவற்றின் பின்கதவு உட்பலகையைத் தேடுவோர்க்கு லண்டனும் உதவாது, கோவென்ட்ரியும் உதவாது. சென்னையில் பிறந்தது சென்னையில் அழிந்தால் உலகிலேயே அழிந்ததாகிவிடும்.

இதே தொழிற்சாலையின் முடிவுரை வேறொரு திசையைக் காட்டுகிறது. பிரிட்டனின் ரோவர் எஸ்டி1 காரின் உடலமைப்பைக் கொண்ட ஸ்டாண்டர்டு 2000 இங்கு 1985 முதல் 1988 வரை தயாரிக்கப்பட்டது; விற்பனையில் தோற்றது; தொழிற்சாலையும் மூடப்பட்டது. ஏறத்தாழ இருபதாண்டுகளுக்குப் பின் அங்கு எஞ்சியிருந்தவை விற்பனைக்கு வந்தபோது, லிங்கன் நகரை ஒட்டி இயங்கும் ரிம்மர் பிரதர்ஸ் என்னும் பிரிட்டிஷ் உதிரிப்பாக வணிகர்கள் பயன்படுத்தப்படாத எஸ்டி1 பாகங்களை மொத்தமாக வாங்கிச் சென்றனர். சென்னையில் தோல்வியின் எச்சமாகக் கிடந்தவை கடல் கடந்ததும் மரபுச் செல்வமாயின. பாகங்கள் இல்லாமற் போவதற்கு அவை அழிந்துபோவது ஒன்றே காரணம் அன்று. அவற்றைப் பட்டியலிட்டு, பாதுகாத்து, தேடுவோரிடம் சேர்ப்பிக்கும் ஓர் ஏற்பாடு இருந்ததா என்பதும் காரணம்.

இங்கிருந்து பொருள்களின் பெயர்களுக்கு வருகிறேன். மொழியியல் பயின்றவர்க்கு இருக்கைத் தையற்கடை ஒரு சிறிய அகராதி. அங்கு அடிக்கடி ஒலிக்கும் முதற்சொல் ரெக்சின். இது இங்கிலாந்தின் ஹைட் நகரில் செய்யப்பட்ட செயற்கைத் தோலின் வணிகப்பெயர். துணியின்மேல் செல்லுலோஸ் நைட்ரேட் கலவையைப் பூசி, தோலின் வரிகளை அதில் அழுத்திப் பதித்து உருவாக்கியது அது. பின்னாளில் பிவிசி பூசிய துணி அதன் இடத்தைப் பிடித்தது. பொருள் மாறியது, பெயர் மாறவில்லை. இன்று கடையில் 'ரெக்சின்' என்று கேட்டால் கிடைப்பது, பழைய கார்களில் அப்பெயரால் வழங்கிய துணி அன்று. சொல்லின் தொடர்ச்சி பொருளின் தொடர்ச்சியாகத் தோன்றுவதால், மீட்டெடுப்போர் பலர் பெயரைக் கேட்டே நிறைவடைந்துவிடுகின்றனர். சொற்பொருள் மாற்றத்தைக் கவனியாத பதிப்பாசிரியர் பழைய நூலுக்கு உரை எழுதுவது போன்றதே இது.

இரண்டாவது சொல் கயிறு. உறையைப் பிரித்தால் எஃகுச் சுருள்கள், அவற்றின்மேல் சாக்கு, அதன்மேல் தென்னை நாரால் ஆன மெத்தை என அடுக்குகள் வெளிப்படுவது பழைய இருக்கைகளில் பொதுவாகக் காணும் காட்சி. அந்த நாரை ஆங்கிலம் 'காயர்' என்கிறது. மலையாளத்தின் 'கயர்' ஐரோப்பியரின் நாவில் பெற்ற வடிவம் அது. நம் 'கயிறு' அதன் உடன்பிறப்பு. ஆனால் நமக்குக் கயிறு என்பது முறுக்கி முடித்த பொருள். ஆங்கிலத்திலோ அது முறுக்கப்படாத நாரையும் குறிக்கும். குமரிப் பகுதியில் அந்நாருக்குத் தும்பு என்று பெயர், மலையாளத்தில் சகிரி. ரப்பர் ஏற்றிய நார்மெத்தையைச் செய்யும் முறை இச்சொற்களையெல்லாம் ஒரே வரிசையில் நிறுத்துகிறது. முதலில் தும்பைக் கயிறாக முறுக்குவர். அம்முறுக்கு நாரில் நிலைபெற்றபின் கயிற்றைப் பிரிப்பர். சுருள்சுருளாக வரும் நாரைப் பரப்பி, அதன்மேல் ரப்பர் பாலைத் தெளித்து, அச்சில் அழுத்தி, வெப்பமூட்டிப் பதப்படுத்துவர். கயிறாகி மீண்டும் தும்பாகிய பின்னரே நாருக்கு வில்போல் மீளும் தன்மை வருகிறது. ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகன் பீட்டிலும் மெர்சிடிஸ் கார்களும் இத்தகைய நார்மெத்தைகளைப் பயன்படுத்தியவையே.

இப்போது நெய்யாற்றின்கரைக்கு அருகிலுள்ள பெருங்கடவிளையையும் பாறசாலை வரையிலான எல்லை ஊர்களையும் நினைத்துப் பாருங்கள். 'விளை' என முடியும் ஊர்ப்பெயர்கள் தெற்குத் திருவனந்தபுரத்திலும் குமரி மாவட்டத்திலும் ஒருசேரப் பரவியுள்ளன. மரப்பயிர் வளரும் மேட்டுநிலத்தைக் குறிப்பது அச்சொல். அந்த விளைகளில் நின்றவை தென்னையும் பின்னாளில் ரப்பரும். 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கோரியிருந்த நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றது. வண்டிகளின் பதிவெண்ணும் வரியும் இருவேறாயின. இன்றும் பாறசாலை வண்டி கேஎல் 19. நெய்யாற்றின்கரை வண்டி கேஎல் 20. எல்லைக்கு அப்பால் மார்த்தாண்டத்தின் வண்டி டிஎன் 75. வண்டியின் வெளிப்புறத்தில் மாநில எல்லை எழுதப்பட்டுள்ளது. உட்புறத்தில் அந்த எல்லை இல்லை. தும்பும் ரப்பர் பாலும் இருபுறத்திலும் ஒன்றே. வண்டியைப் பிரிக்கும் தொழிலாளியின் பேச்சிலும் தமிழும் மலையாளமும் கலந்தே வரும். வெளிநாட்டுப் பாகம் என்று நாம் ஏங்கித் தேடும் மெத்தையின் மூலப்பொருள் நம் வீட்டுப் பின்புறத்தில் வளர்ந்தது என்பதை மீட்டெடுப்போர் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருப்பர்?

சட்டமும் இவ்விடத்தில் மௌனமாகவே இருக்கிறது. 2021 ஜூலையில் நடுவண் மோட்டார் வாகன விதிகளில் செய்யப்பட்ட திருத்தம், முதற்பதிவிலிருந்து ஐம்பதாண்டு கடந்த வண்டிகளைத் தொன்மை வாகனம் என ஏற்று, பதிவெண்ணில் 'விஏ' என்னும் எழுத்துகளை வழங்க வழிசெய்தது. வண்டி மூலவடிவில் பேணப்பட்டிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. எது பெருமாற்றம் என்று விளக்கும்போது அவ்விதி அடிச்சட்டம், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றைக் குறிப்பிடுகிறது. இருக்கையைப் பெயர்சொல்லிக் குறிப்பிடவில்லை. மனிதர் அமர்ந்த இடம் சட்டத்தின் கண்ணில் படவில்லை. பன்னாட்டுத் தொன்மை வாகனக் கூட்டமைப்பு ஏற்றுக்கொண்ட தூரின் சாசனம் இதில் ஒரு படி முன்னே செல்கிறது. 1964-ஆம் ஆண்டின் வெனிசுச் சாசனம் கட்டடங்களுக்கு வகுத்த நெறியை வாகனங்களுக்கு நீட்டிய ஆவணம் அது. வண்டி தன் இயல்பான பயன்பாட்டுக் காலத்தில் பெற்ற மாற்றங்களும் அதன் வரலாற்றுச் சான்றுகளே. அவை காக்கத்தக்கவை என்பது அதன் நிலைப்பாடு.

இந்நிலைப்பாட்டை நம் அம்பாசிடர்களுக்குப் பொருத்திப் பார்த்தால் 'அசல்' என்னும் சொல்லே கேள்விக்குள்ளாகிறது. முப்பதாண்டு வாடகைக்கு ஓடிய காரின் அசல் இருக்கை எது? உத்தரபாராவில் முதல்நாள் தைக்கப்பட்டதா, அல்லது முன்பெஞ்சில் ஓட்டுநரோடு மூவர் நெருங்கியமர்ந்து மருத்துவமனைக்கும் திருமணத்திற்கும் சென்ற காலமெல்லாம் உள்ளூர்த் தையற்காரர் மீண்டும் மீண்டும் தைத்ததா? முன்னதை மட்டுமே அசல் என்று கொள்வோர், புதிய உறைக்காகப் பழைய அடுக்குகளை உரித்துக் குப்பையில் எறிகின்றனர். அக்குப்பையில்தான் கடைசிச் சான்று இருக்கிறது. கல்வெட்டுள்ள கல்லைப் புரட்டிப் படிக்கல்லாக இட்ட திருப்பணிகளை நாம் எவ்வளவு கண்டித்திருக்கிறோம்! இதுவும் அவ்வகைத் திருப்பணியே.

இதற்கு எதிர்வாதம் உண்டு. உள்ளூர்த் தையல் எல்லாம் போற்றத்தக்கதன்று. மலிவான நுரைப்பஞ்சும் பொருந்தா நிறமும் காரின் வடிவமைப்பைச் சிதைத்தன என்பர். அது பெரும்பாலும் உண்மையே. எல்லா அடுக்கையும் அப்படியே வைத்திருக்க வேண்டும் என்று நான் கூறவில்லை. உரிக்கும்முன் பதிவு செய்ய வேண்டும் என்பதே என் வேண்டுகோள். அகழாய்வில் மண்ணடுக்கை அகற்றாமல் கீழடுக்கை அடைய முடியாது; ஆனால் குறிப்பெடுக்காமல் அகற்றுவது அகழாய்வு ஆகாது.

ஆகவே உட்பாகங்களைத் தேடுவோர் கடைகளை மட்டுமன்றித் தொழிலாளர்களையும் தேட வேண்டும். பிரித்த உறையைக் கத்தரித்து வீசாமல் வெட்டுமாதிரியாக வைத்துக்கொண்டால், கிடைக்காத கதவு அட்டையையும் கூரைத்துணியையும் அதைக் கொண்டே மீண்டும் செய்துவிடலாம். ஒவ்வோர் அடுக்கையும் நிழற்படம் எடுத்து, ஒரு சாண் துணியையும் ஒரு பிடி நாரையும் உறையிலிட்டு, காரின் ஆண்டையும் ஊரையும் அதன்மேல் எழுதிவைக்கலாம். தையற்காரர் ஒவ்வொரு மடிப்புக்கும் பட்டைக்கும் ஊசிக்கும் வழங்கும் சொற்களை, அவர் ஒலிக்கும் விதத்திலேயே குறித்துக்கொள்ளலாம். கோவையின் ஜீடி கார் அருங்காட்சியகம் போன்ற இடங்களில் முழுமையான கார்கள் காப்பாற்றப்படுகின்றன. கிழிந்த இருக்கைகளுக்கு அத்தகைய இடம் இல்லை. தைத்தவரின் சொற்களுக்கும் இல்லை.

மொழியியல், வரலாறு, நாட்டார் வழக்காற்றியல் துறைகளில் முதுகலை ஆய்வேட்டுக்குப் பொருள் தேடும் மாணவர்களுக்கு ஒரு சொல். எல்லையின் இருபுறத்திலும் நார்மெத்தைக் காலத்தில் தொழில் கற்றவர்கள் இன்று முதுமை எய்தியுள்ளனர். நுரைப்பஞ்சும் ஆயத்த உறைகளும் வந்தபின் அத்தொழிலை அவர்களிடம் கற்க வந்தோர் சிலரே. அவர்களிடம் உள்ள சொற்பட்டியலை ஒரு கோடை விடுமுறைக்குள் தொகுத்துவிட முடியும். இன்னும் சில ஆண்டுகள் தாழ்த்தினால் பாகங்களைப் போலவே அச்சொற்களையும் தேடி அலைய நேரும். அவற்றைப் புதிதாகச் செய்து தர எந்தப் பட்டறையாலும் இயலாது.