நான்கு தடங்களின் கலை: பீற்றில்ஸ் குழுவினரின் ஒலிப்பதிவுகள் பற்றிய வரலாற்று நோக்கு

ஒலிப்பதிவுப் பொறி தோன்றிய காலந்தொட்டு அரை நூற்றாண்டுக்கும் மேலாக, இசைத்தட்டு என்பது பிறிதோரிடத்தில் நிகழ்ந்த இசையின் சாட்சியாகவே கருதப்பட்டு வந்தது. பாடுவோர் பாடினர், பொறி அதனைப் பதிந்து கொண்டது. 1931ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் இலண்டன் அபி றோட்டில் ஈ.எம்.ஐ. நிறுவனத்தின் ஒலிப்பதிவுக்கூடம் திறக்கப்பட்டபோது, சேர் எட்வேட் எல்கார் தமது இசையைத் தாமே நெறிப்படுத்த, இலண்டன் சிம்பொனி இசைக்குழுவினர் வாசித்தனர். அன்று பதிவானது ஒரு கச்சேரியே. அதே கட்டடத்தில் முப்பத்தைந்து ஆண்டுகளின் பின்னர் பதிவான சில பாடல்களோ எந்த மேடையிலும் எக்காலத்திலும் நிகழாதவை, நிகழவும் முடியாதவை. சாட்சியாக இருந்த நாடா, படைப்புக் கருவியாக மாறிவிட்டது. இம்மாற்றத்தை ஒரு குழுவினர் மட்டுமே செய்தனர் எனக் கூறுதல் பொருந்தாது. எனினும் அது நிகழ்ந்த விதத்தைப் படிப்படியாகக் காண்பதற்குப் பீற்றில்ஸ் குழுவினரின் 1962 முதல் 1969 வரையான ஒலிப்பதிவுகளை விடச் சிறந்த சான்று கிடைப்பது அரிது.

இக்குழுவினரைப் பற்றி எழுதப்பட்டவை பெரும்பாலும் அவர்தம் புகழையும், இளைஞர் பண்பாட்டில் அவர்கள் ஏற்படுத்திய தாக்கத்தையும் பற்றியனவாகவே உள்ளன. கேட்போரின் செவியை உண்மையில் எட்டிய ஒலி எவ்வாறு உண்டாக்கப்பட்டது, எந்தக் கருவிகளின் போதாமை அதனை உருவாக்கிற்று என்னும் வினா அவற்றுட் பின்தள்ளப்பட்டு விடுகின்றது. கலையை அதன் உற்பத்திக் கருவிகளிலிருந்து பிரித்து நோக்கும் இப்பழக்கம் இசை விமர்சனத்திற்கு மட்டும் உரிய குறைபாடன்று.

1962 யூன் 6ஆந் திகதி லிவர்பூல் நகரைச் சேர்ந்த இக்குழுவினர் முதன்முதலாக அபி றோட்டுக்கு வந்தபோது, அக்கூடம் ஏறத்தாழ ஓர் அரசாங்கத் திணைக்களத்தின் ஒழுங்குடன் இயங்கிக்கொண்டிருந்தது. தொழினுட்பவியலாளர் வெண்ணிற மேலங்கி அணிந்தனர். ஒலிப்பதிவாளர் கழுத்துப்பட்டி அணிந்தனர். ஒவ்வோர் ஒலிப்பதிவு அமர்வும் மூன்று மணி நேரம் எனப் பகுக்கப்பட்டிருந்தது. தயாரிப்பாளர் ஜோர்ஜ் மாட்டின் கில்ட்ஹோல் இசைக் கல்லூரியில் பயின்றவர், ஓபோ வாசித்தவர். 1955 முதல் பார்லபோன் என்னும் சிறிய இசைத்தட்டுப் பிரிவின் தலைவராக இருந்த அவர், பீற்றர் செல்லேர்ஸ் போன்ற நகைச்சுவையாளரின் தட்டுகளைத் தயாரித்தவர். அத்தட்டுகளில் இல்லாத இடங்களையும் நிகழாத நிகழ்ச்சிகளையும் ஒலியாலேயே கட்டியெழுப்ப வேண்டியிருந்தது. பிற்காலத்தில் அவர் கைக்கொண்ட துணிச்சலின் வேரை, அவர் கற்ற செவ்வியல் இசையில் மட்டுமன்றி இந்நகைச்சுவைத் தட்டுகளிலும் தேடுதல் தகும்.

தொடக்கத்தில் வேலை எளிதாகவே இருந்தது. முதலாவது இசைத்தட்டுக்குரிய பத்துப் பாடல்கள் 1963 பெப்ரவரி 11ஆந் திகதி ஒரே நாளிற் பதிவாகின. நோமன் சிமித் ஒலிப்பதிவாளராக இருந்தார். இருதட நாடாவில் ஒரு தடத்தில் வாத்தியங்கள், மற்றதிற் குரல்கள். பின்னர் இரண்டையும் ஒன்றாக்கி மொனோ வடிவிற் சமன்செய்தனர். இவற்றில் இன்றும் கேட்கும் உயிர்ப்பு, நால்வரும் ஓரறையில் ஒருசேர நின்று வாசித்ததன் உயிர்ப்பாகும். அந்நாளின் இறுதியில், தடிமனால் தொண்டை கம்மியிருந்த ஜோன் லெனன் கடைசிப் பாடலைக் கத்திப் பாடித் தீர்த்தார். சாட்சி என்ற பழைய பொருளிலேயே அது சிறந்த இசைத்தட்டு.

அதே ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் நான்குதடப் பொறி அவர்களுக்குக் கிடைத்தது. இங்கிருந்துதான் கதை சிக்கலாகின்றது. ஓரங்குல அகல நாடாவில் நான்கு தடங்கள். ஒவ்வொன்றையும் தனித்தனியே பதியலாம். ஒன்றைக் கேட்டுக்கொண்டே மற்றொன்றை நிரப்பலாம். முரசு, பேஸ், கிற்றார், குரல் என்று நிரப்பியதும் இடம் தீர்ந்துவிடும். மேலும் சேர்க்க வேண்டுமாயின் வழி ஒன்றே: நான்கு தடங்களையும் கலந்து, மற்றொரு பொறியிலுள்ள புதிய நாடாவின் ஓரிரு தடங்களுக்குப் பிரதி செய்து, எஞ்சிய தடங்களை வெற்றிடமாகப் பெறுதல். இதனை அவர்கள் ‘ஒடுக்கம்’ என்னும் பொருள்படும் சொல்லாற் குறித்தனர். அபி றோட்டில் இருந்த ஸ்டூடர் ஜே-37 என்னும் சுவிற்சலாந்துப் பொறிகள் இவ்வேலைக்குப் பேர்போனவை.

ஒடுக்கத்திற்கு இருவகை விலை கொடுக்க வேண்டியிருந்தது. ஒன்று, ஒலியின் தரம். காந்த நாடா இயல்பாகவே ஒரு மெல்லிய இரைச்சலை உடையது. பிரதிக்குப் பிரதி அவ்விரைச்சல் கூடும். கைத்தாளத்தின் மினுக்கம், உதட்டின் மெல்லொலி போன்ற நுண்மைகள் மங்கும். மற்றையது இதனினும் கடுமையானது: ஒருமுறை கலந்தவற்றைப் பின்னர் பிரிக்க இயலாது. முரசின் ஒலி பேஸின் ஒலியோடு எவ்வளவுக்குச் சேர வேண்டும் என்பதை, அவற்றின் மேல் இனி வரவிருக்கும் குரலையோ வயலினையோ கேளாமலே தீர்மானித்தாக வேண்டும். நெசவுக்கு முன்பே நூலுக்குச் சாயமேற்றுபவர் முடிந்த சேலையின் நிறத்தை மனத்திற் கண்டாக வேண்டும் அல்லவா? அத்தகைய முன்னறிவு இத்தொழிலாளரிடம் வேண்டப்பட்டது. அபி றோட் ஒலியின் உறுதிக்கு இந்தக் கட்டாயமே முதற் காரணம் எனத் துணிந்து கூறலாம். தீர்மானத்தைத் தள்ளிப்போட வசதியற்றவர் தீர்மானிக்கக் கற்றுக்கொள்வர்.

1966 ஏப்பிரில் மாதத்தில் ‘றிவோல்வர்’ ஒலிப்பதிவு தொடங்கியபோது, சிமித்தின் இடத்திற்கு இருபது வயதே நிரம்பிய ஜெஃப் எமெரிக் நியமிக்கப்பட்டார். முதல் வேலையாக அவர் எதிர்கொண்ட ‘டுமோறோ நெவர் நோஸ்’ என்னும் பாடல், பழைய விதிகள் பலவற்றை ஒரே அமர்விற் குலைத்தது. பெருமுரசினுள் கம்பளி மேற்சட்டை ஒன்றைத் திணித்து அதன் அதிர்வை அடக்கினார். நிறுவன விதி அனுமதித்த தூரத்தை மீறி ஒலிவாங்கியை அதனருகே கொண்டுசென்றார். அவ்வொலியை ஃபெயார்சைல்ட் என்னும் ஒலியடக்கிக் கருவியூடாகச் செலுத்தி இறுக்கினார். லெனனின் குரல் ஹமண்ட் ஓர்கனுக்குரிய சுழலும் ஒலிபெருக்கிப் பெட்டியூடாகச் செலுத்தப்பட்டு, அதன் மறுபுறத்தே மீண்டும் பதியப்பட்டது. மறுநாள், நுனியோடு நுனி ஒட்டி வளையமாக்கப்பட்ட ஐந்து நாடாத் துண்டுகள் கட்டடத்தின் பல அறைகளிலும் இருந்த பொறிகளில் ஒரே வேளையிற் சுழல விடப்பட்டன. நாடா தொய்யாதிருக்கப் பணியாளர் பென்சில்களால் அதனை இழுத்துப் பிடித்து நின்றனர். கட்டுப்பாட்டு அறையில் அவற்றை ஏற்றி இறக்கிக் கலந்தமை ஒருவகை வாசிப்பேயாகும். ஆனால் வாசிக்கப்பட்டது வாத்தியமன்று, ஒலிக்கலவை மேசை.

அக்காலத்தில் தொழினுட்பவியலாளர் கென் டவுன்சென்ட் செய்தவையும் இங்கு குறிப்பிடற்பாலன. ஒரே வரியை இருமுறை பாடிக் குரலைத் தடிப்பாக்கும் முறையில் லெனனுக்குச் சலிப்பு இருந்தது. டவுன்சென்ட், பதிந்த குரலை இரண்டாவது பொறி ஒன்றினூடாகச் செலுத்தி, நொடியின் மிகச்சிறு பகுதியளவு பிந்தச் செய்து, மூலத்தோடு சேர்க்கும் வழியைக் கண்டார். மற்றொரு குறை பேஸ் கிற்றாரின் மெலிவு. அமெரிக்கத் தட்டுகளில் அவ்வொலி முன்னிற்பதை இவர்கள் பொறாமையுடன் கவனித்திருந்தனர். பேஸ் ஒலி மிகுந்தால் தட்டின் வரிப்பள்ளம் அகன்று ஆடும். ஊசி துள்ளிவிடும் என்ற அச்சத்தால் நிறுவனம் அதனை அடக்கி வைத்திருந்தது. ‘பேப்பர்பாக் றைற்றர்’ பாடலில், பேஸின் ஒலிபெருக்கிக்கு எதிரே மற்றொரு ஒலிபெருக்கியை நிறுத்தி, அதனையே ஒலிவாங்கியாகப் பயன்படுத்தினர். இரண்டும் அடிப்படையில் ஒரே பொறியின் இருபுறங்கள் என்பதைப் பாடநூலிற் படித்தவர் பலர். அதனைப் பயன்கொண்டவர் சிலரே.

1966 ஓகஸ்ட் 29ஆந் திகதி சான் பிரான்சிஸ்கோவில் இறுதி மேடைக் கச்சேரி நடந்தது. ரசிகரின் கூச்சலில் தம் இசையைத் தாமே கேட்க இயலாதிருந்த நால்வரும் அதன்பின் ஒலிப்பதிவுக்கூடத்தையே தம் மேடையாக்கினர். ‘ஸ்ட்றோபரி ஃபீல்ட்ஸ் ஃபோர் எவர்’ பாடலின் இரு பதிவுகள், வெவ்வேறு சுருதியிலும் காலப்பிரமாணத்திலும் இருந்தும், நாடாவின் வேகத்தைச் சரிசெய்து, ஒரு நிமிடமளவில் வெட்டி ஒட்டப்பட்டமை யாவரும் அறிந்த செய்தி. அதனினும் விரிவாக நோக்கத்தக்கது 1967இல் வெளிவந்த ‘சார்ஜன்ட் பெப்பர்’ தட்டின் இறுதிப் பாடலான ‘ஏ டே இன் த லைஃப்’.

அப்பாடலின் நடுவில் இருபத்துநான்கு தாளக்கட்டுகள், என்ன வரவிருக்கின்றது என்று எவரும் அறியாமலே வெறுமையாக விடப்பட்டன. உதவியாளர் மல் எவன்ஸ் அவற்றை உரக்க எண்ணினார். முடிவில் ஒரு கடிகாரம் மணியடித்தது. 1967 பெப்ரவரி 10ஆந் திகதி நாற்பது வாத்தியக்காரர் அவ்வெற்றிடத்தை நிரப்ப வந்தனர். தத்தம் வாத்தியத்தின் மிகத் தாழ்ந்த சுரத்தில் தொடங்கி, இருபத்துநான்கு கட்டுகளின் முடிவில் மிக உயர்ந்த சுரத்தை அடைய வேண்டும். அயலவரைப் பின்பற்றலாகாது என்பதே அவர்களுக்கு இடப்பட்ட பணி. ஒருமித்து வாசிப்பதையே வாழ்நாள் முழுவதும் பயின்றவர்களுக்கு அது எத்துணைக் கடினமானது என்பதை ஊகிக்கலாம். நான்கு தடங்கள் போதாமையால், டவுன்சென்ட் ஐம்பது அலைவெண் கொண்ட ஒலிக்குறி ஒன்றை ஒரு தடத்திற் பதிந்து, அதனால் இரண்டாவது பொறியின் மோட்டரை இயக்கி, இரு பொறிகளையும் இணைத்தோடச் செய்தார். பெப்ரவரி 22இல் மூன்று பியானோக்களில் ஒருங்கே அடிக்கப்பட்ட இறுதிச் சுரக்கூட்டு நாற்பது விநாடிகளுக்கு மேல் நீடிக்கின்றது. ஒலி தேயத் தேய எமெரிக் கட்டுப்பாட்டுப் பிடிகளை மெல்ல மெல்ல உயர்த்தினார். முடிவில் வாத்தியம் மறைந்து அறையே ஒலிக்கின்றது. நாற்காலி ஒன்று கிரீச்சிடுவதையும் செவிமடுக்கலாம்.

இவ்வாறு உருவாகிய பாடல்களின் மூலபாடம் எது என்னும் வினா சாதாரணமானதன்று. அந்நாளிற் பிரித்தானிய வீடுகளிற் பெரும்பாலானவை மொனோக் கருவிகளையே கொண்டிருந்தன. ஆகவே குழுவினர் உடனிருந்து நாட்கணக்கிற் கவனத்துடன் கலந்தவை மொனோ வடிவங்களே. ‘சார்ஜன்ட் பெப்பர்’ தட்டின் ஸ்டீரியோ வடிவம், அவர்கள் இல்லாத வேளையில், சில நாட்களில் செய்து முடிக்கப்பட்டது. இரண்டிற்குமிடையே பாடபேதங்கள் பல. ‘ஷீஸ் லீவிங் ஹோம்’ மொனோவிற் சற்று விரைவாகவும் உயர்ந்த சுருதியிலும் ஒலிக்கின்றது; 1968ஆம் ஆண்டின் ‘ஹெல்ரர் ஸ்கெல்ரர்’ மொனோவில் முன்னதாகவே முடிந்துவிடுகின்றது, ஸ்டீரியோவில் மங்கி மறைந்து மீண்டெழுந்து முரசறைபவரின் கூச்சலோடு நிறைவுறுகின்றது. எனினும் 1987இல் குறுந்தட்டுகள் வெளியானபோது முதல் நான்கு தொகுப்புகளே மொனோவில் வந்தன. ‘றிவோல்வர்’, ‘சார்ஜன்ட் பெப்பர்’ ஆகியவற்றின் மொனோ வடிவங்கள் 2009 வரை குறுந்தட்டில் வெளியாகவில்லை. ஒரு தலைமுறையினர் படைத்தோர் கவனியாது விட்ட பாடத்தையே மூலமெனக் கேட்டு வளர்ந்தனர்.

தடங்களின் வறுமை 1968இல் தீரத் தொடங்கியது. எட்டுத்தடப் பொறி இருந்தது என்பதற்காகவே ‘ஹே ஜூட்’ பாடலை ட்ரைடன்ட் என்னும் வேறொரு கூடத்திற் பதிந்தனர். அங்கு கேட்டபோது மின்னிய அப்பதிவு, அபி றோட்டுக்குக் கொண்டுவரப்பட்டபோது உயர்சுரங்கள் இழந்து மங்கி ஒலித்தது. அதனை மீட்டெடுக்கப் பெரும் முயற்சி வேண்டியிருந்தது. அபி றோட்டில் பரிசோதனையில் இருந்த எட்டுத்தடப் பொறி அவ்வாண்டு செப்டெம்பரில் பயன்பாட்டுக்கு வந்தது. பின்னர் வால்வுகளை நீக்கித் திரான்சிஸ்டர்களால் அமைத்த புதிய கலவை மேசையும் வந்தது. ‘அபி றோட்’ தட்டின் வழுவழுப்பும் மென்மையும் இவற்றின் விளைவே. அது அழகிய தட்டு என்பதில் ஐயமில்லை. எனினும் ‘றிவோல்வர்’ தட்டில் ஒலிகள் ஒன்றோடொன்று நெரிசற்பட்டு இடம்பிடிக்கும் உக்கிரம் இங்கு இல்லை. இடம் தாராளமாகக் கிடைத்தபின் நெரிசலுக்கு அவசியமும் இல்லை.

பிரிக்க இயலாதென்று அன்று கருதியவை இன்று பிரிக்கப்பட்டுள்ளன. 2017இல் ஜோர்ஜ் மாட்டினின் மகன் கைல்ஸ் மாட்டின், ஒடுக்கத்திற்கு முந்திய நாடாக்களைக் கணினியில் ஒருங்கிணைத்து ‘சார்ஜன்ட் பெப்பர்’ தட்டைப் புதிதாகக் கலந்தார். 2022இல் ‘றிவோல்வர்’ தட்டுக்கு அதனினும் வியத்தகு முறை கையாளப்பட்டது. ‘டக்ஸ்மன்’ பாடலில் முரசும் பேஸும் கிற்றாரும் ஒரே தடத்தில் ஒன்றாகப் பதிந்திருந்தன; பீற்றர் ஜக்சனின் திரைப்படக் குழுவினர் வளர்த்தெடுத்த இயந்திரக் கற்றல் முறையால் அவை தனித்தனியே பிரித்தெடுக்கப்பட்டன. விளைந்த ஒலி தெளிவானது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் அது மூலமன்று, உரை. உரையாசிரியர் மூலத்தின் இருண்ட இடங்களை விளக்கலாம். விளக்கும்போதே தம் காலத்தின் சுவையையும் அதனுள் வைத்துவிடுகிறார். முரசும் பேஸும் இவ்வளவுக்குச் சேரட்டும் என்று 1966இல் ஒருவர் செய்த தீர்மானம், இப்புதிய வடிவில் வேறொருவரின் தீர்மானத்தால் பதிலீடு செய்யப்படுகின்றது. புதியதைக் கேட்பவர் பழையதையும் அருகில் வைத்துக் கேட்டல் வேண்டும்.

அதற்கு வாய்ப்பு இல்லாமலில்லை. 2014இல் மொனோத் தட்டுகள், கணினியின் இடையீடின்றி, பழைய நாடாக்களிலிருந்து நேரடியாக அபி றோட்டிலேயே வெட்டப்பட்டு வெளியாகின. தாழ்சுரத்துக்கு அஞ்சி 1966இல் தட்டு வெட்டுவோர் கைக்கொண்ட கட்டுப்பாடுகள் அவ்வேளையில் அவசியப்படவில்லை. நாடாவில் அன்றே இருந்தும் அக்காலத் தட்டுகளில் முழுமையாக இடம்பெறாத பேஸ் ஒலி அவற்றிற் கேட்கின்றது.