சார்ஜ் இருக்கு.. ஆனாலும் நடுவழியில் நிற்கும் கார்! ஐயோனிக் 5-ல் என்ன சிக்கல்?

'படார்' என ஒரு சத்தம், திரையில் எச்சரிக்கை, கொஞ்ச நேரத்தில் வேகம் குறைந்து கார் நிற்கிறது. ஹூண்டாய் ஐயோனிக் 5 மின்சார கார் பற்றி அமெரிக்க உரிமையாளர்கள் சொன்ன புகார் இது. 2023 ஜூனில் அந்நாட்டு சாலைப் பாதுகாப்பு அமைப்பு விசாரணையில் இறங்கியது.

ஏன் நிற்கிறது?

மின்சார காரிலும் ஒரு சின்ன 12 வோல்ட் பேட்டரி உண்டு. விளக்கு, திரை, கம்ப்யூட்டர் எல்லாம் அதில்தான் இயங்கும். பெரிய பேட்டரியின் மின்சாரத்தைக் குறைத்து இதற்கு சார்ஜ் ஏற்றுவது 'ஐசிசியு' என்ற கருவி. அது பழுதானால் சின்ன பேட்டரி காலி. பெரிய பேட்டரி நிரம்பியிருந்தாலும் கார் நகராது.

இந்தியாவில் எத்தனை கார்கள்?

2022 ஜூலை 21 முதல் 2024 ஏப்ரல் 30 வரை தயாரான 1,744 ஐயோனிக் 5 கார்களை ஹூண்டாய் திரும்ப அழைத்தது. இதே காரணத்துக்காக 1,138 கியா இவி6 கார்களும் அழைக்கப்பட்டன.

தீர்வு என்ன?

சாப்ட்வேர் அப்டேட் இலவசம். ஆனால் ஏற்கெனவே பழுதான கருவியை அப்டேட் சரிசெய்யாது, மாற்றியே ஆகணும்.

என்ன செய்யணும்?

எச்சரிக்கை வந்தால், 'வீடு வரை போயிடலாம்'னு ஓட்ட வேண்டாம். நெடுஞ்சாலையில் திடீரென வேகம் குறைந்தால் பின்னால் வரும் வண்டி மோதும் ஆபத்து உண்டு. உடனே ஓரம் கட்டி, ஹசார்டு லைட் போட்டு, சர்வீஸ் சென்டருக்கு அழைக்கணும். செகண்ட் ஹேண்டில் வாங்குறவங்க சேசிஸ் நம்பரைக் கொடுத்து, ரீகால் வேலை முடிந்ததா என்று கேட்ட பிறகு பணம் கொடுப்பது நல்லது.