ஈரூடக விமானத்தை ஓடுபாதையில் இறக்குதல்

நிலத்திலும் நீரிலும் இறங்கி ஏறக்கூடியது ஈரூடக விமானம். உடலின் அடிப்பகுதியே படகு வடிவில் அமைந்தவை ஒரு வகை. சாதாரண விமானத்துக்கு இரண்டு மிதவைகளைப் பூட்டி, அவற்றுக்குள் மடங்கும் சக்கரங்களை வைத்தவை இன்னொரு வகை. செய்தித்தாள்கள் எல்லாவற்றையும் ‘கடல் விமானம்’ என்றே எழுதிவிடுகின்றன. தண்ணீரை விட்டால் இறங்க வேறு வழியில்லாத, சக்கரமே இல்லாத விமானத்துக்கும் அதே பெயர்தான் என்பதால் குழப்பம் வருகிறது.

சென்னைக்குச் சக்கரமே இல்லாத அந்த வகை பழைய அறிமுகம். இரண்டாம் உலகப் போரின்போது செங்குன்றம் ஏரியில் பிரிட்டிஷ் விமானப்படையின் 240ஆம் ஸ்குவாட்ரன் காட்டலினா பறக்கும் படகுகளை நிறுத்தியிருந்தது. இத்தகைய பறக்கும் படகைக் கரையேற்ற வேண்டுமானால் தனிச் சக்கரங்களை மாட்டி இழுக்க வேண்டும். காட்டலினாவின் 5ஏ வகையில்தான் மடங்கும் சக்கரங்கள் வந்தன. இந்தியக் கடற்படை முதன்முதலில் வாங்கிய விமானங்களோ ஈரூடகமே: 1953இல் கொச்சிக்கு வந்த ஷார்ட் சீலேண்ட்.

இறக்கும் முறை

செஸ்னா கேரவன் போன்ற மிதவை விமானத்தில் ஒவ்வொரு மிதவையின் மூக்கிலும் ஒரு சிறு சக்கரம், நடுப்பகுதிக்குச் சற்றுப் பின்னால் முதன்மைச் சக்கரங்கள். விமானி அறையில் ஒரு கியர் லீவர். அதன் அருகே விளக்குகள். நான்கும் பச்சையாக எரிந்தால் சக்கரங்கள் கீழே, ஓடுபாதைக்குத் தயார். நான்கும் நீலமானால் சக்கரங்கள் உள்ளே, தண்ணீருக்குத் தயார். பல விமானங்களில் வேகம் குறைந்ததும் ஒரு குரல் ஒலித்துச் சக்கரத்தின் நிலையைச் சொல்லும்; விமானி அதைக் காதால் கேட்டு, கண்ணால் பார்த்து, இறங்கப்போகும் இடம் எது என்று வாய்விட்டும் சொல்ல வேண்டும். மற்ற விமானங்களில் ‘சக்கரம் இறங்கிவிட்டதா’ என்ற ஒரே கேள்விதான். இங்கே சரியான விடை இடத்தைப் பொறுத்து மாறுகிறது.

மறந்தால் வரும் விளைவும் இடத்துக்கு இடம் வேறு. சக்கரத்தை இறக்காமல் ஓடுபாதையைத் தொட்டால் மிதவையின் அடி தேய்ந்து, தீப்பொறி பறக்க, விமானம் சறுக்கி நிற்கும். உள்ளே இருப்பவர்கள் பெரும்பாலும் நடந்தே வெளியேறுவார்கள். சக்கரம் வெளியே நீட்டியபடி தண்ணீரைத் தொட்டால் மூக்கு குத்தி, விமானம் குப்புறக் கவிழ்ந்துவிடும். ஓடுபாதையிலிருந்து கிளம்பி, சக்கரத்தை மடக்க மறந்து, சில நிமிடங்களில் ஏரியில் இறங்கும் குறும்பயணமே இதற்கு வசதியான பொறி.

ஓடுபாதையில் கை பழக வேண்டியவை வேறு. மிதவைகள் காற்றை அதிகம் தடுப்பதால் எஞ்சின் விசையை முழுதும் குறைத்தால் விமானம் செங்குத்தாக அமிழும். சிறிது விசையை வைத்துக்கொண்டே வர வேண்டும். விமானி வழக்கத்தைவிட உயரத்தில் உட்கார்ந்திருப்பதால் தரை இன்னும் தள்ளி இருப்பதாகத் தோன்றும், அதற்குள் சக்கரம் தொட்டுவிடும். மூக்கை அதிகம் தூக்கவும் கூடாது, மிதவையின் வால் தரையில் உரசும். முதன்மைச் சக்கரங்கள் முதலில் தொட, மூக்குச் சக்கரங்களை மெல்ல இறக்க வேண்டும். அவை நாற்காலிச் சக்கரம்போல் தாமாகச் சுழல்பவை. திசை திருப்புவது இடது வலது பிரேக்குகளால்தான். எடை உயரத்தில் இருப்பதால் பக்கக்காற்றிலும் வேகமான திருப்பத்திலும் சாயப் பார்க்கும்.

சென்னையும் சுற்றமும்

மீனம்பாக்கம் விமான நிலையத்தின் இரண்டாவது ஓடுபாதை அடையாற்றின் மேல் பாலமாகக் கடந்து செல்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் விமான நிலையமே நீரில் மூழ்கிச் சில நாள் மூடப்பட்டு, அரக்கோணம் கடற்படைத் தளத்திலிருந்து பயணிகள் பறந்தார்கள். அன்றைக்கு ஈரூடக விமானமும் உதவியிருக்காது: ஆழமற்ற வெள்ளத்துக்கு அடியில் விளக்குகளும் குப்பையும் கிடக்கும்போது அதில் மிதவையை வைப்பது தற்கொலை. நகரத்து நீர்நிலைகளும் இதற்குச் சிறியவை. மயிலாப்பூர் கபாலீசுவரர் தெப்பக்குளத்தின் நீளம் ஏறத்தாழ 190 மீட்டர். கேரவன் நீரிலிருந்து எழும்ப அதுபோல் பல மடங்கு வேண்டும்.

சென்னையிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகப் பறந்தால் வரும் அந்தமானில், பவன் ஹன்ஸின் ‘ஜல் ஹன்ஸ்’ என்ற கேரவன் 2011 முதல் சில ஆண்டுகள் ஓடியது. போர்ட் பிளேர் ஓடுபாதையில் ஏறி, ஹேவ்லாக் தீவில் கடலில் இறங்கியது. 2024 நவம்பரில் ட்வின் ஆட்டர் விமானம் விஜயவாடா–ஸ்ரீசைலம், கொச்சி–மாட்டுப்பட்டி தடங்களில் வெள்ளோட்டம் விட்டது.

தியாகராய நகர்க்காரர் ஒருவருக்கு நேரில் பார்க்க ஆசையென்றால், ஒன்றரை மணி நேரப் பறப்பில் இருக்கும் இலங்கையின் கட்டுநாயக்க விமான நிலையமே பக்கம். சின்னமன் ஏர் நிறுவனத்தின் கேரவன்கள் அங்குள்ள ஓடுபாதையில் பச்சை விளக்கோடு இறங்குகின்றன; ஹட்டன் அருகே மலையகத் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவிலுள்ள காசல்ரீ நீர்த்தேக்கத்தில் நீல விளக்கோடு.